துரைமார்களின் ஃபார்ம்ஹவுஸ்

ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, பொன்னேரி வழியாக ஏலகிரி ஏறுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது தமிழ் வகுப்பு. குளிரெல்லாம் அப்புறம்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஆளுக்கொரு பெயர்ப்பலகை. வள்ளுவர், கம்பர், ஔவையார் என்று புலவர்கள் கீழே. பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் மேலே. இந்த வரிசையைப் போட்டவர் பெரிய குறும்புக்காரராக இருக்க வேண்டும். பரிசில் வேண்டுமா புலவரே, மூச்சு வாங்க ஏறி வாரும்!

மேலே போனால் புங்கனூர் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பலாப்பழம் இருக்கிறது, ரிசார்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ரிசார்ட் இருக்கிறது. ஊட்டியில் இடறி விழுந்தால் நெற்றியில் இடிக்குமே, கணப்பு, புகைபோக்கி, ரோஜாத் தோட்டம் சகிதம் ஒரு துரை பங்களா, அதை மட்டும் இங்கே தேட வேண்டும். மலை ஒரு ஜமீன்தார் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நடுவில் எந்தக் கலெக்டர் துரையும் இங்கே வந்து ஜலதோஷம் பிடித்து, "அடடா, எங்க ஊர் மாதிரியே இருக்கிறதே!" என்று மூக்கைச் சிந்தி ஊரை ஆரம்பித்து வைக்கவில்லை.

இத்தனைக்கும் மெட்ராஸிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போன துரை, துரைசாணி, துரைவீட்டு நாய் எல்லாமே ஏலகிரியின் அடிவாரத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே முழு மலை நிற்கிறது. யாரும் இறங்கவில்லை. காரணம் சிம்பிள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர், ஊட்டி 2,240. துரைக்குக் காற்று வாங்குகிற மலை போதாது. சித்திரை மாதத்தில் விறகு போட்டுக் குளிர்காய வேண்டும், கோட்டுக்கு மேல் கோட்டு மாட்ட வேண்டும், காலையில் எழுந்ததும் வானிலையைத் திட்ட வேண்டும். இங்கிலாந்தை விட்டு வந்ததே அந்த வானிலை பிடிக்காமல்தானோ என்று நமக்குத் தோன்றும். அதை அவர்களிடம் கேட்கக் கூடாது.

ஆகவே நம் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து மலைகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, துரைமார்கள் வீடு கட்டி, தோட்டம் போட்டு, சண்டை பிடித்து, இன்று நாம் பொக்கிஷம் மாதிரிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அந்த நீலமலைக்கே போய்விடுவோம். கவலை வேண்டாம், வேலூரும் தோலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

நீலகிரியை 1819-ல் ஜான் சல்லிவன் "கண்டுபிடித்தார்" என்று ஸ்கூல் புத்தகம் முதல் சுற்றுலா நோட்டீஸ் வரை எல்லாரும் சொல்கிறார்கள். ரொம்ப நல்லது. ஆனால் 1117-லேயே ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்தனரின் தளபதி புனிசன், நீலமலைக்கு வந்து தோடர்களை மிரட்டிவிட்டுப் போனதாகக் கல்வெட்டு வைத்திருக்கிறார். தளபதி மிரட்டினார் என்றால் மிரளுவதற்கு மேலே ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆட்களைத்தான் 702 வருஷம் கழித்து ஒருவர் கண்டுபிடித்தார்.

நடுவில் 1603-ல் கோழிக்கோட்டிலிருந்து ஃபெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் மூச்சு வாங்க ஏறி வந்தார். மலைக்கு மேலே காணாமல் போன கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். வந்து பார்த்தால் எருமைகளும், எருமைகளைத் தெய்வமாக மதிக்கும் தோடர்களும். வந்ததற்கு அங்கிருந்த பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். நீலகிரிக்கு வந்த முதல் ஐரோப்பியர், முதல் ஃபேன்சி ஸ்டோர்க்காரரும் அவர்தான்.

அப்புறம் 1812-ல் வில்லியம் கீஸ், மக்மகோன் என்று இரண்டு சர்வேயர்களைக் கம்பெனி அரசாங்கம் மேலே அனுப்பியது. ஒழுங்காக அளந்து ரிப்போர்ட் எழுதினார்கள். அது ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. 1818-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஆபீஸ் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். புகையிலைக் கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கடத்தல்காரன் சிக்கினானோ இல்லையோ, இவர்கள் கீழே வந்து மேலதிகாரியிடம், "சார், மேலே ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் வெயிலில் வெந்துகொண்டிருந்த மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர்தான் சல்லிவன். 15 வயதில் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 30 வயதில் ஒரு ஜில்லாவுக்கே ராஜா. 1819 ஜனவரியில் படை பரிவாரத்தோடு கிளம்பினார். காட்டை வெட்டி, பாறையில் வழுக்கி, கோத்தகிரிப் பக்கம் திம்பட்டி என்ற படுகர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே படுகர்கள் ஏற்கெனவே விவசாயம் செய்துகொண்டு, ஊரும் கோயிலுமாக இருந்தார்கள். துரை கண்டுபிடித்தது எதை என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது. "நம்மளையா?" என்று கேட்டிருந்தால் நியாயம்.

சல்லிவன் போன வேகத்தில் மெட்ராஸுக்குக் கடிதம் போட்டார். ஐரோப்பாவில் வேறெந்த நாட்டையும்விட இது சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்பது சாராம்சம். கவனியுங்கள், வருஷம் 1819. "தென்னகத்தின் சுவிட்சர்லாந்து" என்று இன்றைக்கும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போர்டுகளில் ஓடுகிற விளம்பரத்தின் முதல் காப்பிரைட்டர் ஒரு கலெக்டர்.

விளம்பரம் இருந்தால் போதுமா, சாட்சி வேண்டாமா? அதற்கும் ஆள் கிடைத்தார். லெஷெனோ த லா தூர் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர், பாண்டிச்சேரித் தாவரத் தோட்டத்துக்காரர். உடம்பு சரியில்லாமல் கிடந்தவரை சல்லிவன் மேலே கூட்டிப் போனார். மனிதர் தேறிவிட்டார். பத்து நாளில் சர்க்கரை காணாமல் போச்சு என்று யூடியூபில் ஒரு மாமா பேசுவாரே, அந்த வேலையை ஒரு பிரெஞ்சுக்காரர் ஓசியில் செய்து கொடுத்தார். அதுவும் வாட்டர்லூ நடந்து நாலே வருஷத்தில்!

திம்பட்டி அருகே 1819-லேயே ஒரு பங்களா எழுந்தது. அப்புறம் சிறுமுகையிலிருந்து மேலே வர ஒரு ரோடு. மேலே ஒரு வீடு இருக்கிறது, அதற்குப் போக ரோடு வேண்டும். ரோடு வந்துவிட்டது, அதனால் இன்னும் நாலு வீடு வேண்டும். இந்த லாஜிக்கைத் திருப்பத்தூர்ப் பக்கத்து பிளாட் புரோமோட்டர் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்.

புரோமோட்டர் என்று வாய் தவறிச் சொல்லவில்லை. 1822-ல் சல்லிவன் திம்பட்டியோடு திருப்தியடையாமல் இன்னும் உள்ளே, இன்னும் உயரத்தில், இன்னும் குளிரில் இருக்கிற ஊட்டிக்கு நகர்ந்தார். தோடர்களிடம் நிலம் வாங்கினார். விலை? ஏக்கர் ஒரு ரூபாய். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அப்போது பத்திரச் செலவும் கிடையாது. தோடர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: புல்வெளி யாருக்காவது சொந்தமாகுமா? எருமை மேய்கிறது, அதனால் அது எருமையின் நிலம். இந்த வெளுத்த மனிதர் அதற்குப் பணம் தருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பாவம், உடம்பு சரியில்லை போல, வாங்கிக்கொள்வோம் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. நிலம் போனது போனதுதான்.

அந்த இடத்தில் அவர் கட்டியதுதான் ஸ்டோன் ஹவுஸ். ஊட்டியின் முதல் பங்களா. தோடர்கள் அதைக் "கல் பங்களா" என்றார்கள். அடுத்த சில வருஷங்களில் சல்லிவன் வளைத்துப் போட்ட நிலம், மலையில் மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருந்ததைவிட அதிகம். அரசாங்கச் செலவில் ரோடு போடும் அதிகாரியும், ரோட்டோரத்தில் நிலம் வைத்திருக்கும் முதலாளியும் ஒரே ஆளாக இருப்பது நம் காலத்தின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெருமை இருநூறு வருஷப் பழசு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சல்லிவனுக்கு நிஜமான பைத்தியம் நிலத்தின் மேல் இல்லை, காய்கறியின் மேல். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப், பார்லி, ஸ்ட்ராபெர்ரி, பீச், ஆப்பிள் என்று விதையும் நாற்றுமாக வரவழைத்து நட்டுத் தள்ளினார். ஏழு கடல் தாண்டி வந்து ஒரு கண்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிற கம்பெனியின் அதிகாரி, தோட்டத்தில் குனிந்து டர்னிப் முளைத்துவிட்டதா என்று பார்க்கிறார். சாம்ராஜ்யம் எதற்கு, உருளைக்கிழங்குக்குத்தானா?

உருளைக்கிழங்குக்குத்தான் என்று வையுங்கள், அது ஒன்றுதான் உருப்பட்டது. படுகர் விவசாயிகள் அந்தச் செடியைக் கையில் எடுத்தார்கள். இன்று மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. வாணியம்பாடி மார்க்கெட்டில்கூட "ஊட்டி உருளை" என்றால் கிலோவுக்குக் கூடுதல் விலை சொல்லிவிட்டுக் கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கேரட், பீன்ஸ், பீட்ரூட் எல்லாம் இன்னும் "இங்கிலீஷ் காய்கறி"தான். தமிழ்நாட்டு அடுப்படி முழுக்க நுழைந்த அந்த உருளைக்கிழங்கு, ஆம்பூர் பிரியாணி தேக்சாவுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. கல்கத்தா பிரியாணி விழுந்துவிட்டது, ஆம்பூர் விழவில்லை. கோட்டை என்றால் அதுதான் கோட்டை.

ஊட்டி ஏரியும் சல்லிவன் வெட்டியதே. 1823-ல் தொடங்கி 1825-ல் முடிந்தது. ஓடைத் தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடலாம் என்று எண்ணம். கரை மூன்று தடவை உடைத்துக்கொண்டு ஏரி காலியானது. அந்த ஏரியில் பின்னாளில் துரைகள் படகு விட்டார்கள். இன்று நாம் கால் வலிக்க வலிக்கப் பெடல் மிதித்து நடு ஏரியில் மாட்டிக்கொண்டு, கரையில் இருக்கிற மச்சானைக் கூப்பிடுகிறோம். ஒரு பாசனத் திட்டம் இவ்வளவு பேரை வியர்க்க வைத்ததாக வேறெங்கும் சரித்திரம் இல்லை.

ஹீரோ இருந்தால் வில்லன் வேண்டுமே. வந்தார், 1827-ல், மெட்ராஸ் கவர்னராக. பெயர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். அவருக்கும் ஊட்டி பிடித்துப் போனது. அங்கேதான் சிக்கலே. ஒரே பங்களாவை இரண்டு மாப்பிள்ளைகள் சீர் கேட்ட கதை ஆகிவிட்டது. நோயாளிச் சிப்பாய்களுக்கு ஆரோக்கிய ஸ்தலம் என்று சொல்லி ஊட்டியை ராணுவத்திடம் கொடுத்து, ஒரு மேஜரை அதிகாரியாக உட்கார வைத்தார். ஊரை உருவாக்கிய கலெக்டர் ஊருக்குள்ளேயே விருந்தாளி.

சல்லிவன் சும்மா இருப்பாரா? இந்த மலை தோடர்களுக்கே சொந்தம், அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்காமல் அரசாங்கம் ஒரு அடி எடுக்கக் கூடாது என்று எழுதினார். நியாயமான பேச்சு, மனதார நம்பித்தான் பேசினார். ஆனால் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினவர் வாயிலிருந்து அது வரும்போது கவர்னருக்கு எப்படி இருந்திருக்கும்? 1830-ல் நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து பிய்த்து மலபாரோடு ஒட்டினார்கள். 1843-ல் திரும்பப் பிய்த்துப் பழைய இடத்தில் ஒட்டினார்கள். இரண்டு பெரிய மனிதர்களின் கோபத்தில் ஒரு மலை அங்கேயும் இங்கேயுமாகப் போய்வந்தது. எருமைகள் மட்டும் நின்ற இடத்திலேயே மேய்ந்தன.

லஷிங்டனின் பெரிய சாதனை ஊட்டியின் தேவாலயம். 1829 ஏப்ரல் 23-ல், மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் கொண்டாட்டத்தோடு சேர்த்து அடிக்கல் நாட்டினார்கள். கோயிலுக்கு என்ன பெயர் வைக்கலாம்? கிறிஸ்தவ சமயத்தில் புனிதர்களுக்கா பஞ்சம்? யோசித்து யோசித்துக் கடைசியில் புனித ஸ்டீபன் என்று முடிவானது. கவர்னர் பெயரும் ஸ்டீபன் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறவன் மனதில் அழுக்கு இருக்கிறது.

அந்த சர்ச்சின் உத்தரங்களுக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தார்கள். 1799-ல் திப்பு விழுந்ததும் அவர் பிள்ளைகளை நம் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து அடைத்தார்கள். வீட்டுப் பிள்ளைகள் வேலூருக்கு, வீட்டு உத்தரம் ஊட்டிக்கு. மிச்சம் இருந்த ஓடுகளை என்ன செய்தார்களோ, கம்பெனிக்காரர்கள் எதையும் வீணாக்குகிற ஆட்கள் இல்லை.

சல்லிவனுக்குத் தோட்டம் இருந்தால் நமக்கு ஒரு பண்ணையே இருக்க வேண்டாமா என்று லஷிங்டனுக்குத் தோன்றியதோ என்னவோ, ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு அரசாங்கச் சோதனைப் பண்ணை தொடங்கினார். பொறுப்பாளர் மேஜர் க்ரூ. ராணுவ மேஜர்! கோதுமை, ஓட்ஸ், காய்கறி எல்லாம் அட்டென்ஷனில் நிற்கும் என்று நம்பினார்கள்போல. பள்ளத்தாக்கில் அழகான பண்ணை வீடு எழுந்தது. லண்டனில் இருந்த டைரக்டர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு 1836-ல் மூடச் சொன்னார்கள். பயிர் வராவிட்டாலும் கட்டடம் ஜோராக வந்துவிட்டது. அரசாங்கப் பண்ணைகளின் ஜாதகம் அன்றைக்கே கணிக்கப்பட்டது.

எனக்கு இந்த மலையின் அத்தனை பங்களாக்களிலும் ரொம்பப் பிடித்தது இந்தக் கேத்திப் பண்ணை வீடுதான். பாருங்கள், இதற்கு அப்புறம் அதன் வாழ்க்கையை. முதலில் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் மார்க்கி த சேன்-சிமோன் குளிர்காய வந்தார். அவர் போனதும் மெட்ராஸ் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தார். இவர் கதை தனி. முப்பது வயதுக் கட்டை பிரம்மச்சாரி. லண்டன் அரண்மனையில் வேலை பார்த்தவர். இளவரசி விக்டோரியாவுக்கு இவர் மேல் ஒரு இது என்றும், விஷயம் முற்றுவதற்குள் ஆளைக் கப்பலேற்றி மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் அந்தக் காலத்து வம்பு. நிஜமோ பொய்யோ, பெண் வீட்டார் பையனுக்கு துபாய் வேலை பார்த்துக் கொடுக்கிற உத்தி அப்போதே இருந்திருக்கிறது.

காதலில் தோற்றவர் தாடி வளர்ப்பார், கவிதை எழுதுவார். இவர் ஃபர்னிச்சர் வாங்கினார். டர்னிப் வைக்கக் கட்டிய பண்ணை வீட்டை இழைத்து, செதுக்கி, மெருகேற்றி, மலையே வாய் பிளக்கும் மாளிகை ஆக்கினார். 99 வருஷக் குத்தகை ஆயிற்றே, நிதானமாக அனுபவிக்கலாம். 1842-ல் பதவிக்காலம் முடிந்து கிளம்பிவிட்டார். பிற்பாடு கசமேஜர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி கைக்கு வந்து, அவர் வழியாக பாசல் மிஷன் ஊழியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோதுமைக்குக் கட்டினது, பிரெஞ்சு பிரபுவுக்குப் போய், காதல் தோல்விக்குப் போய், கடைசியில் ஜெபத்துக்கு. நம்மில் எத்தனை பேருக்கு இவ்வளவு அனுபவம் இருக்கிறது?

1834-ல் ஊட்டிக்கு இரண்டு விஐபிகள். ஒருவர் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க். வேலூர்க்காரர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சியின்போது மெட்ராஸ் கவர்னர் இவர்தான். சிப்பாய்களுக்குப் புதுத் தொப்பி, அதில் தோலால் ஒரு குஞ்சம், தாடியை இப்படி வெட்டு, நெற்றியில் அப்படிப் பூசாதே என்று உத்தரவு. கோட்டை வெடித்தது. அடுத்த வருஷம் பென்டிங்கின் வேலை போயிற்று. தோலை வைத்து வேலூர் பக்கம் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். தோலை வைத்து வேலை போன ஒரே கவர்னர் இவர்தான் என்று நினைக்கிறேன்.

அவரே 1828-ல் கவர்னர் ஜெனரலாக புரமோஷனில் திரும்பி வந்தார், அது வேறு விஷயம். 1834-ல் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஊட்டியில், சர் வில்லியம் ரம்போல்ட் ஹோட்டலாகக் கட்டியிருந்த கட்டடத்தில் தங்கினார். பிற்பாடு ஊட்டி கிளப் குடியேறி, ஸ்நூக்கர் விதிகளை மாட்டி வைத்த அதே கட்டடம். இந்தியாவையே ஆளுகிற சபை அந்த மழைக்காலத்தில் ஒரு ஹோட்டலில் இருந்து நடந்தது. ரிசார்ட் அரசியலை நேற்றுக் கண்டுபிடித்தவர்கள் கவனிக்கவும்.

அவரைப் பார்க்க வந்த இன்னொரு விஐபி மெக்காலே. ஆம், நமக்கெல்லாம் இங்கிலீஷ் மீடியம் போட்ட அதே மெக்காலே. மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்கி, பல்லக்கில் ஏறி, ஏறக்குறைய நானூறு மைல் மனிதத் தோள்கள் மேலேயே பயணம் செய்து மலைக்கு வந்தார். வந்தால் மழை. விடாத மழை. அவர் பெட்டியில் ஒரு நாவல் இருந்தது, சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய "கிளாரிசா". பெயர்பெற்ற தடிப் புத்தகம், அதைவிடப் பெரிய அழுகைக் கதை. பொழுதுபோகாமல் இரவல் கொடுத்தார். அவ்வளவுதான், ஊரே விழுந்தது. கவர்னர் மனைவி புத்தகத்தைப் பறித்துக்கொண்டார், செயலாளர் அடுத்து எனக்கு என்று காத்திருந்தார், தலைமை நீதிபதிக்குக் கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை. மெக்காலே பின்னாளில் சொல்லிச் சிரித்த கதை இது. ராத்திரி ஒன்பது மணி சீரியலை நம் அத்தைமார்கள்தான் கெடுத்தார்கள் என்று இனிமேல் யாரும் பேச வேண்டாம்.

குளிருக்கு விறகு வேண்டும். மலையில் சோலைக்காடு இருக்கிறது, ஆனால் அது மெதுவாக வளரும், துரைக்கு அவசரம். 1843-ல் காட்டன் என்ற கேப்டன் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸைக் கொண்டுவந்து நட்டார். வாட்டில் மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மலைக்காரர்கள் கற்பூர மரம், சீகை மரம் என்று பெயர் வைத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வந்த மரங்கள் தோடரின் புல்வெளியை மூடிவிட்டன. இதில்தான் நம் ஊர் மறுபடி வருகிறது: சீகை மரத்துப் பட்டையில் தோல் பதனிடும் சத்து இருக்கிறது. ஆவாரம் பட்டையில் ஊறிக்கொண்டிருந்த ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஷாப்களுக்கு வாட்டில் பட்டை கொண்டாட்டமாகப் போயிற்று. சுதந்திரத்துக்கு அப்புறம் நம் வனத்துறையே அதற்காகத் தோப்புத் தோப்பாக நட்டது. இப்போது அந்நிய மரம் என்று அதே அரசாங்கம் வெட்டிக்கொண்டிருக்கிறது. துரைக்குக் கணப்பு, நமக்குச் செருப்பு, எருமைக்குத்தான் புல் போச்சு.

தாவரவியல் பூங்காவின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். மலர்க் கண்காட்சியில் வாயைப் பிளந்து நிற்கிறோமே, அந்த இடம் 1845-ல் ஒரு காய்கறிச் சீட்டு. மாசம் 3 ரூபாய் சந்தா கட்டினால் வெள்ளைக்காரர் வீட்டுக்குக் காய்கறி. சந்தா கட்டினவர்களுக்குத் திருப்தி இல்லை, திட்டம் நொடித்தது. 1848-ல் க்யூ தோட்டத்திலிருந்து மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து அந்தச் சரிவைப் பூங்காவாக மாற்றினார். சீட்டு நொடித்துப் போய் ஊருக்கு நல்லது நடந்தது சரித்திரத்தில் இந்த ஒரு முறைதான்.

சல்லிவனை அப்படியே விட்டுவிட்டோம். 1830-ல் கலெக்டர் வேலையை விட்டுப் போனவர் பிற்பாடு மெட்ராஸ் கவர்னர் சபை உறுப்பினராகத் திரும்பினார். 1838-ல் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இறந்துபோனார்கள். இருவரையும் அடக்கம் செய்தது புனித ஸ்டீபன் கோயிலில், லஷிங்டன் கட்டின அதே இடத்தில். மூன்று வருஷத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்விட்டார்.

போய் சும்மா இல்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு கம்பெனியைத் திட்டினார். இந்திய மன்னர்களின் ராஜ்யங்களைப் பிடுங்குவது அநியாயம் என்று 1853-ல் நூல் எழுதி வெளியிட்டார். நம் ஆட்சி ஒரு ஸ்பாஞ்சு, கங்கைக்கரையில் நல்லதையெல்லாம் உறிஞ்சி தேம்ஸ் கரையில் பிழிகிறது என்ற பிரபலமான உவமையைச் சொன்னதும் இவரே. நல்ல தோட்டக்காரருக்குத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும்தானே? 1855-ல் இறந்தார்.

அவருடைய வீடுகளுக்கும் நல்ல காலம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. கோத்தகிரி கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இடிந்து, ஒழுகி, யாருடையது என்று கேட்க ஆளில்லாமல் கிடந்தது. 2002-ல் அதைச் செப்பனிட்டு நினைவகமாக்கினார்கள். சிவப்பு அடித்த சின்ன மாடிவீடு, உள்ளே நீலகிரியின் பழைய படங்கள். 2022-ல் ஊட்டிக்கு 200 வயது என்று விழா எடுத்து அவருக்குச் சிலையும் வைத்தார்கள். கம்பெனிக் கலெக்டர் ஒருவருக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கையால் சிலை திறப்பு. லஷிங்டனுக்கு எதுவும் இல்லை. அவருக்கு எதற்கு, அவர்தான் முன்யோசனையோடு சர்ச்சுக்குப் பெயர் வைத்துக்கொண்டாரே.

ஸ்டோன் ஹவுஸ் இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. நம் பொருளாதார வரலாற்றில் செல்வச் சுரண்டல் என்றொரு பாடம் உண்டு. வெள்ளைக்காரன் நம் சொத்தை எப்படிக் கொண்டுபோனான் என்று பத்து மார்க்குக்கு எழுத வேண்டும், அந்த ஸ்பாஞ்சு உவமையைச் சேர்த்தால் வாத்தியாருக்குப் பிடிக்கும். வீட்டுக்காரரின் வாக்குமூலத்தை வீட்டுக்காரரின் காம்பவுண்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறார்கள், அதிலும் சில பேர் அரியர் வைக்கிறார்கள்.